பழைய பிக்கப்ல பவர் விண்டோ மக்கர் பண்ணுதா? கேளுங்க, சொல்றேன்

முதல்ல ஒரு விஷயம். பழைய பிக்கப்னு நான் சொல்றது கதவுக்குள்ள கம்ப்யூட்டர், மாட்யூல் எதுவும் இல்லாம, சுவிட்ச அமுக்கினா கரண்ட் நேரா கண்ணாடிய ஏத்தி இறக்கற மோட்டாருக்குப் போற வண்டிங்க. 80கள், 90கள்ல வந்தது பெரும்பாலும் இப்படித்தான். கேக்கறவங்க எந்தக் கதவு, ஏறலையா இறங்கலையா, அமுக்கும்போது சத்தம் வருதா, உள் லைட் கொஞ்சம் மங்குதா, இந்த நாலையும் சொல்லிடுங்க. பாதி பதில் அதுலயே இருக்கு.

கேள்வி: அண்ணே, பாசஞ்சர் பக்கக் கண்ணாடி ரெண்டு சுவிட்ச்லயும் அசையல. சத்தமும் இல்ல, லைட்டும் மங்கல. டிரைவர் பக்கம் நல்லா ஓடுது. மோட்டார் ஆர்டர் போட்டுடவா?

பதில்: போடாதீங்க தம்பி. லைட் மங்கலைன்னா மோட்டாருக்குக் கரண்டே போகலைன்னுதான் பெரும்பாலும் அர்த்தம். மோட்டார் சிக்கிக்கிட்டு நின்னா அது கரண்ட இழுக்கும், லைட் மங்கும். உங்க கேஸ்ல வழியில எங்கயோ அறுந்திருக்கு, இல்லன்னா மோட்டார் பிரஷ் (உள்ள சுத்தற பாகத்துக்குக் கரண்ட் குடுக்கற கரித்துண்டு) தேஞ்சுபோய் உள்ளயே தொடர்பு இல்ல.

இந்த சர்க்யூட் எப்படி ஓடுதுன்னு ஒருதடவ புரிஞ்சுக்கிட்டா பிறகு நீங்களே கண்டுபிடிச்சிடுவீங்க. மோட்டாருக்கு ரெண்டே வயர். சுவிட்ச தொடாம இருக்கறப்போ அந்த ரெண்டு வயருமே எர்த்துல (அதாவது பேட்டரி நெகட்டிவ்ல) இருக்கும், பெரும்பாலான வண்டிகள்ல அந்த எர்த் டிரைவர் பக்க மாஸ்டர் சுவிட்ச் வழியாத்தான் வருது. மேல அமுக்கினா ஒரு வயர் எர்த்த விட்டுட்டு 12 வோல்ட்டுக்குத் தாவும், இன்னொண்ணு எர்த்துலயே இருக்கும். கீழ அமுக்கினா அப்படியே தலைகீழ். ஆக, பாசஞ்சர் சுவிட்ச் புத்தம் புதுசா இருந்தாலும் மாஸ்டர் சுவிட்ச் உள்ள அந்த எர்த் காண்டாக்ட் கருகிப்போயிருந்தா பாசஞ்சர் கண்ணாடி நகராது. பாசஞ்சர் பக்கத்தையே ரெண்டு நாள் நோண்டிட்டு இருப்பாங்க, கோளாறு எதிர்க் கதவுல உக்காந்திருக்கும்.

செய்ய வேண்டியது இதுதான். டோர் பேட (கதவோட உள்பக்க அட்டைய) கழட்டி மோட்டார் கனெக்டரப் பிடுங்குங்க. 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒண்ணுல ரெண்டு வயர் பத்தவச்சு கனெக்டரோட ரெண்டு பின்லயும் குடுத்து, ஒருத்தர சுவிட்ச அமுக்கச் சொல்லுங்க. மேலயும் கீழயும் பல்பு பளிச்சுனு எரிஞ்சா மோட்டார் போச்சு, அப்ப ஆர்டர் போடுங்க. எரியலைன்னா சுவிட்ச தொடாம, பல்போட ஒரு முனைய பேட்டரி பாசிட்டிவ்ல வச்சு இன்னொரு முனைய அந்த ரெண்டு பின்லயும் மாத்தி மாத்தித் தொடுங்க. ரெண்டுலயும் எரியணும். எதுல எரியலையோ அந்த வயரோட எர்த் வழிதான் அறுந்திருக்கு. ரெண்டுலயும் எரிஞ்சா எர்த் சரி, பாசஞ்சர் சுவிட்சுக்கு 12 வோல்ட் கொண்டு வர்ற ஃபீட் வயரயும், பாசஞ்சர் சுவிட்ச முடக்கி வைக்கற லாக் பட்டனையும் பாருங்க.

அப்புறம் கதவுக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கற ரப்பர் பூட். கதவு திறந்து மூடறப்பல்லாம் உள்ள இருக்கற வயர் மடங்குது, வருசக்கணக்குல மடங்கி மடங்கி செம்பு அறுந்துடும், மேல இன்சுலேஷன் மட்டும் முழுசா இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. பூட்ட ஒதுக்கிட்டு ஒவ்வொரு வயரயும் மெதுவா இழுத்துப் பாருங்க, ரப்பர் மாதிரி நீண்டுச்சுன்னா உள்ள அறுந்திருக்கு. கதவ ஆட்டிக்கிட்டே சுவிட்ச அமுக்கறப்போ திடீர்னு வேலை செஞ்சாலும் அதேதான்.

கேள்வி: சார், டிரைவர் கதவு. மோட்டார் சுத்தற சத்தம் நல்லா கேக்குது, கண்ணாடி அசைய மாட்டேங்குது. 80கள்ல வந்த ஃபோர்டு எஃப்-சீரிஸ்.

பதில்: மோட்டார் நல்லா இருக்கு சார், தூக்கிப் போட்டுடாதீங்க. அந்தக் கால எஃப்-சீரிஸ் மோட்டார்ல பெரிய பல்சக்கரத்துக்கு உள்ள மூணு சின்ன பிளாஸ்டிக் உருளை இருக்கும். மோட்டாரோட இழுப்பு அது வழியாத்தான் வெளிப்பல்லுக்குப் போகுது, அதிர்ச்சியத் தாங்கறதுக்காக வச்சது. வயசாகிப்போய் அது மாவா உதிர்ந்துடும், மோட்டார் சும்மா சுத்தும். அந்த மூணு உருளை மட்டும் தனி கிட்டா கிடைக்குது. பழைய தூள், பழைய கிரீஸ் எல்லாத்தயும் சுத்தமா வழிச்செடுத்துட்டு புது உருளையும் புது கிரீஸும் போட்டா வேலை முடிஞ்சது.

ஆனா இதப் படிக்காம மோட்டார் போல்ட்ல ஸ்பேனர் வைக்காதீங்க. கத்திரிக்கோல் மாதிரி மடங்கற ரெகுலேட்டர்ல (கண்ணாடியத் தூக்கி இறக்கற கை அமைப்பு) கண்ணாடி எடையத் தாங்க ஒரு பெரிய சுருள் ஸ்பிரிங் இருக்கு. அதப் பிடிச்சு வச்சிருக்கறதே மோட்டாரோட பல்லுதான். மோட்டாரக் கழட்டின அடுத்த நொடி ரெகுலேட்டர் கை படார்னு திரும்பும், நடுவுல விரல் இருந்தா விரல் போயிடும். அதனால மோட்டாரத் தொடறதுக்கு முன்னாடி ரெகுலேட்டரோட பல்பட்டையில இருக்கற ஓட்டையையும் பின்னாடித் தகட்டையும் சேத்து ஒரு போல்ட் போட்டு இறுக்குங்க, இல்ல நல்ல சி கிளாம்ப் ரெண்டு போடுங்க. அந்த போல்ட்ட போடறதுக்கு முன்னாடியே கண்ணாடிய முழுசா மேல தூக்கி, கதவு ஃப்ரேமோட சேத்து அகலமான டேப்பால ஒட்டிடுங்க. பேட்டரி நெகட்டிவக் கழட்டிடுங்க. உங்க கை உள்ள இருக்கறப்போ வெளிய இருந்து யாராவது சுவிட்ச அமுக்கினாலும் இதே கதிதான்.

கேள்வி: ஏறும்போது ரொம்ப ஸ்லோ, நடுவுல நின்னு நின்னு போகுது. கையால ஒரு தள்ளு குடுத்தா ஏறுது. டபிள்யூடி-40 அடிச்சேன், ரெண்டு நாள் நல்லா இருந்துச்சு.

பதில்: கண்ணாடி ஓடற ரப்பர் சேனல் காஞ்சு போயிருக்கு. ஈரத்துணிய ஒரு தட்டையான குச்சில சுத்தி சேனல் உள்ள இருக்கற மண்ணையெல்லாம் எடுங்க, காய விடுங்க, அப்புறம் சிலிக்கான் ஸ்பிரே. டபிள்யூடி-40 அங்க நிக்காது, கிரீஸ் போட்டா தூசிய இழுத்து உப்புத்தாள் மாதிரி ஆக்கிடும். ரப்பர் வெடிச்சிருந்தா சேனலையே மாத்துங்க. கிரீஸ் போட வேண்டிய இடம் ரெகுலேட்டர் பல்லு, உருளை ஓடற தண்டவாளம், அவ்வளவுதான்.

கேள்வி: மோட்டார் ஆர்டர் பண்ணலாமா ப்ரோ? கண்ணாடி வேலை செய்யல.

பதில்: முதல் பதில். பல்பு டெஸ்ட்.

கேள்வி: நீங்க இன்னும் பல்பு பல்புன்னு சொல்லிட்டு இருக்கீங்க. நல்ல டிஜிட்டல் மீட்டர் வச்சிருக்கேன். மோட்டார் கனெக்டரக் கழட்டி வச்சு சுவிட்ச அமுக்கினா 12.4 வோல்ட் காட்டுது. வயரிங் பக்கா. புது மோட்டார் போட்டேன், அதுவும் ஓடல. மோட்டாரே டூப்ளிகேட்னு நினைக்கிறேன்.

பதில்: புது மோட்டார நேரா பேட்டரில குடுத்துப் பாத்தீங்களா? பாருங்க, ஓடும்னு நினைக்கிறேன். உங்க மீட்டர் பொய் சொல்லல, ஆனா நீங்க அதுகிட்ட வேற கேள்வி கேட்டுட்டீங்க.

டிஜிட்டல் மீட்டரோட உள் ரெசிஸ்டன்ஸ் சாதாரணமா 10 மெகாஓம். 12 வோல்ட்ல அது இழுக்கறது மைக்ரோஆம்பியர் ஒண்ணு சொச்சம்தான். இப்ப உங்க வயர்ல ஒரு இடத்துல பச்சை பூத்து 1000 ஓம் ரெசிஸ்டன்ஸ் வந்துடுச்சுன்னு வைங்க. மீட்டர் இழுக்கற கரண்டுக்கு அந்த இடத்துல விழற வோல்டேஜ் ஒரு மில்லிவோல்ட் சொச்சம், மீட்டர்ல தெரியவே தெரியாது, 12.4னு கம்பீரமா காட்டும். அதே வயர்ல மோட்டார மாட்டுங்க. அந்த 1000 ஓம் தாண்டி 12 மில்லிஆம்பியர் சொச்சம்தான் வரும், கண்ணாடிய நகர்த்தவே அதுக்கு ஆம்பியர் கணக்குல வேணும், சிக்கிக்கிட்டா 20 ஆம்பியரயும் தாண்டும். 21 வாட் பல்பு ஒண்ணே முக்கால் ஆம்பியர் இழுக்கும், 55 வாட் ஹெட்லைட் பல்பு நாலரை இழுக்கும். பல்பு எரிஞ்சா அந்தக் கரண்ட் உண்மையிலயே வருதுன்னு அர்த்தம்.

மீட்டர்லயே பாக்கணும்னா மோட்டார மாட்டி வச்சு, சுவிட்ச அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே மோட்டாரோட ரெண்டு வயர்லயும் கனெக்டர் பின்பக்கமா மீட்டர் ஊசியக் குத்தி அளங்க. அப்ப எத்தன வோல்ட் நிக்குதுன்னு சொல்லுங்க.

இன்னொருத்தர் குறுக்க: டெஸ்ட் லேம்ப் யூஸ் பண்ணி இசியு (வண்டியோட கம்ப்யூட்டர்) போன வண்டி நிறைய இருக்கு. புதுசா வர்றவங்களுக்கு இதெல்லாம் சொல்லிக்குடுக்காதீங்க.

பதில்: நீங்க சொல்றது ஒரு எல்லை வரைக்கும் சரி. கம்ப்யூட்டர், சென்சார், ஏர்பேக் வயர் எதுலயும் பல்ப வைக்கவே கூடாது, ஏர்பேக் லைன்ல அது உயிர் விஷயம், அதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்ல. ஆனா இங்க பேசறது 20, 30 ஆம்பியர் ஃபியூஸ்ல இருந்து சுவிட்ச் வழியா மோட்டாருக்குப் போற தடி வயரப் பத்தி. அதுல மோட்டார் இழுக்கறதுல ஒரு சின்ன பங்கைத்தான் பல்பு இழுக்குது. எந்த வயர்னு தெரியாம குத்தறதுதான் ஆபத்து. வயரிங் டயகிராம் பாத்து நிறத்த உறுதி பண்ணிட்டுத் தொடுங்க. எல்இடி டெஸ்டர் இந்த வேலைக்கு ஆகாது, அதுவும் கரண்ட் இழுக்காது, மீட்டர் மாதிரியேதான் ஏமாத்தும்.

மீட்டர்காரர் மறுபடி: மோட்டார் மாட்டி வச்சு அளந்தேன். 0.3 வோல்ட். பேட்டரில நேரா குடுத்தா ரெண்டு மோட்டாரும் ஓடுது, பழசும் சேத்து.

பதில்: நல்லது, இப்ப வழி தெரிஞ்சிடுச்சு. அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே மீட்டரோட கருப்ப பேட்டரி நெகட்டிவ்ல வச்சுட்டு, சிவப்ப மோட்டார்ல இருந்து ஃபியூஸ் பக்கமா படிப்படியா நகர்த்துங்க. எந்த ரெண்டு இடத்துக்கு நடுவுல திடீர்னு 12 ஆகுதோ அங்கதான் கோளாறு. மோட்டாரோட ரெண்டு பக்கமும் 12 காட்டினா போற வழி சரி, திரும்பற எர்த் வழில கோளாறு. ரப்பர் பூட், மாஸ்டர் சுவிட்ச், இந்த ரெண்டையும் முதல்ல பாருங்க. பழைய மோட்டாரயே திரும்ப மாட்டிக்கலாம்.

கேள்வி: நாலஞ்சு தடவ ஏத்தி இறக்கினா நின்னுடுது. கொஞ்ச நேரம் கழிச்சு தானா ஓடுது.

பதில்: மோட்டார் சூடாகி உள்ள இருக்கற பாதுகாப்பு கட் பண்ணுது, இல்ல பழைய வண்டிகள்ல ஃபியூஸுக்குப் பதிலா இருக்கற தானா ரீசெட் ஆகற பிரேக்கர் விழுது. வேணும்னே குழந்தைங்க விளையாடினா புது மோட்டார்லயும் இது வரும். ரெண்டு தடவைலயே வந்தா சேனல் டைட்டா இருக்கு, மேல சிலிக்கான் பதிலப் பாருங்க.

கேள்வி: 20 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போகுது, 30 போட்டுக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. ஃபியூஸ் வயரக் காப்பாத்தறதுக்கு இருக்கு. 30 போட்டா ஃபியூஸுக்குப் பதிலா வயர் எரியும், கதவுக்குள்ள, நீங்க உக்காந்திருக்கற சீட்டுக்குப் பக்கத்துல. பூட்டுல வயர் தோல் உரிஞ்சு பாடில தொடுதான்னு பாருங்க.

கேள்வி: கண்ணாடி டமால்னு கதவுக்குள்ள விழுந்துடுச்சு. மோட்டார் மாத்தணுமா?

பதில்: மோட்டார்... இல்லைங்க. மோட்டாருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. கேபிள் ரெகுலேட்டர்னா கேபிள் அறுந்திருக்கும் இல்ல கண்ணாடியப் பிடிக்கற பிளாஸ்டிக் உடஞ்சிருக்கும். கத்திரி வகைன்னா கண்ணாடி அடிப்பட்டைய விட்டுக் கழண்டிருக்கும். அமுக்கி அமுக்கிப் பாக்காதீங்க, கேபிள் டிரம்ல சுத்திச் சிக்கிக்கும். கண்ணாடிய ரெண்டு கையால மேல தூக்கி டேப் போட்டு நிறுத்திட்டுத் திறங்க. ஸ்பிரிங் எச்சரிக்கை உங்களுக்கும் சேத்துத்தான்.

கேள்வி: என்னோடது புது மாடல், ஒரு தொடுல மேல போய்ட்டு பாதில திரும்ப இறங்கிடுது.

பதில்: அது விரல் மாட்டாம இருக்கறதுக்கான வசதி, மாட்யூல் உள்ள வண்டி. அந்த மாடலோட மேனுவல்ல இனிஷியலைஸ் பண்ற முறை இருக்கும், அத பாருங்க. தயவுசெஞ்சு பல்பு வச்சு நோண்டாதீங்க.

கேள்வி: அண்ணே மோட்டார் எந்த பிராண்ட் நல்லது?

பதில்: டெஸ்ட் பண்ணிட்டு வாங்க, அப்புறம் பேசுவோம்.

கேள்வி: எல்லாம் சரியா இருக்கு, ஆனா மெதுவாதான் ஓடுது. ரிலே போட்டா வேகம் வரும்னு சொல்றாங்களே?

பதில்: சேனல் சுத்தம் பண்ணி, மோட்டார்ல 10 வோல்ட்டுக்குக் கீழ நிக்குதுன்னு அளந்து பாத்துட்டா போடலாம், நல்ல வேலைதான் அது. ரிலேன்னா சின்ன கரண்ட்ல பெரிய கரண்ட மாத்தி விடற சுவிட்ச். ஒரு கண்ணாடிக்கு அஞ்சு பின் ரிலே ரெண்டு. 30ம் பின் மோட்டார் வயருக்கு, 87 தனி ஃபியூஸ் போட்ட பேட்டரி ஃபீடுக்கு, 87ஏ எர்த்துக்கு. சுவிட்ச்ல இருந்து முன்னாடி மோட்டாருக்குப் போன வயர் 86க்கு, 85 எர்த்துக்கு. இப்ப சுவிட்ச் வழியா ரிலே காயிலுக்கு வேண்டிய கொஞ்சூண்டு கரண்ட் மட்டும் போகும், காண்டாக்ட் கருகாது. 87ஏ எர்த்த தடி வயர்ல போடுங்க, நிறைய பேர் அங்க மெல்லிசா போட்டுட்டு வேகம் வரலன்னு சொல்றாங்க.

கேள்வி: விண்டோ ரிப்பேர் பண்ணதுல இருந்து மழைல கால் வைக்கற இடம் நனையுது. ரப்பர் போயிடுச்சா?

பதில்: டோர் பேடுக்குப் பின்னாடி ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருந்துச்சே, அத கிழிச்சுட்டுப் போட்டிருப்பீங்க. கண்ணாடி வழியா கதவுக்குள்ள தண்ணி இறங்கறது இயல்புதான், அந்த ஷீட் அத உள்ள வரவிடாம கீழ ஓட்டைக்குத் திருப்பி விடுது. தடிமனான பாலித்தீன் வெட்டி, கீழ் ஓரம் கதவுக்குள்ள போற மாதிரி வச்சு, பியூட்டைல் டேப்ல (பிசுபிசுன்னு ஒட்டற ரப்பர் டேப்) சுத்தி ஒட்டுங்க. கதவோட அடி ஓட்டைங்க மண்ணு அடைச்சிருக்கும், ஒரு கம்பியால குத்தி விடுங்க.