போர்க்களத்தில் படமெடுக்கத் துடிக்கும் காசிமேட்டுத் தம்பிக்கு

தம்பி, அம்மாவின் வளையலை அடகு வைத்து கேமரா வாங்கியாயிற்று, அடுத்த மாதமே சொந்தச் செலவில் போர் நடக்கும் நாட்டுக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகாதீர்கள்.

புகைப்படக்காரர் டேனிஷ் சித்திகி 2010இல் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்தவர். ரோஹிங்கியா அகதிகள் படங்களுக்காக 2018இல் புலிட்சர் என்ற அமெரிக்க இதழியல் பரிசை வென்ற குழுவில் இருந்தவர். அவ்வளவு பெரிய நிறுவனம் பின்னால் நின்றும் 2021 ஜூலையில் ஆப்கானிஸ்தானில் கொல்லப்பட்டார். இரண்டாம் உலகப் போரில் பிரான்சின் நார்மண்டிக் கரையில் படமெடுத்துத் தப்பிய போர்ப் புகைப்படக்காரர் ராபர்ட் காப்பா, 1954இல் இந்தோசீனாவில் (இன்றைய வியட்நாம்) கண்ணிவெடியை மிதித்து இறந்தார், வயது 40. உங்களுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்?

வீட்டருகே மீன் ஏலம் நடக்கிறதே, விடியுமுன் அங்கே போய் நில்லுங்கள். மங்கிய விளக்கு, வழுக்கும் தரை, யாரும் உங்களுக்காக நிற்க மாட்டார்கள். நான் பழகியது அங்கேதான். முதல் வாரம் ஓர் அம்மா கூடையாலேயே விரட்டினார். லென்ஸ் முழுக்க மீன் செதில். மூன்றாம் மாதம் அவரே டீ வாங்கிக் கொடுத்தார். அதன் பிறகு எடுத்தவைதான் படங்கள், முன்னவை வெறும் பதிவு.

2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதே, அந்த மீனவர்களின் இன்றைய நிலையைத் தொடர்ந்து எடுங்கள். ரத்தப்போக்கை நிறுத்தும் முதலுதவியும் கற்றுக்கொள்ளுங்கள். பத்திரிகை ஆசிரியரிடம் காட்ட இருபது படம் போதும். வளையலை முதலில் மீட்டுவிடுங்கள், வட்டி ஏறுகிறது.