புதிய டேப்லெட்டுக்காகக் காத்திருக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பழைய தமிழ்ப் பதிப்புகளின் பக்கங்களைப் படமாக எடுத்து இணையத்தில் ஏற்றியிருப்பதைச் செல்பேசியில் படித்துக் கண் வலிக்கிறது. டேப்லெட் வாங்கப் புறப்பட்டேன். சிங்கப்பூரில் இருக்கும் மருமகன், "இரண்டு மாதம் பொறுங்கள், புதியது வருகிறது" என்கிறார். தீபாவளியிலிருந்து இதே பேச்சுதான். இன்னும் பொறுக்கலாமா? (வாசகர், கோட்டையூர்)

பதில்: ரோஜா முத்தையா செட்டியார் தம் நூல்களைச் சேர்த்து வைத்திருந்த ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்திருப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கிய அந்தச் சேகரம்தான் இன்று சென்னையில் அவர் பெயரில் ஆய்வு நூலகமாக இருக்கிறது. உங்கள் ஊர் அலமாரிகளில் இருந்த நூல்களை நீங்கள் திரையில் தேடிப் படிக்கிறீர்கள் என்றால், உங்களுக்கு ஏற்ற கருவி எது என்பதை வெளியீட்டு விழா மேடையில் சொல்லப்போவதை வைத்து முடிவுசெய்ய வேண்டியதில்லை.

படமாக எடுக்கப்பட்ட பக்கத்தில் எழுத்தை மட்டும் பெரிதாக்கி வரிகளை மடக்கிக்கொள்ள முடியாது. பக்கம் முழுவதையும் பெரிதாக்கி, ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் நகர்த்தித்தான் படிக்க வேண்டும். ஆகவே உங்களுக்கு முதலில் வேண்டியது திரையின் அளவு, அடுத்து அதன் வடிவம். ஒரு வெள்ளைத் தாளில் 23.7 செ.மீ. உயரமும் 14.8 செ.மீ. அகலமும் உள்ள கட்டம் ஒன்றை வரையுங்கள். 16க்கு 10 என்ற விகிதத்தில் அமைந்த, மூலைக்கு மூலை அளந்தால் 11 அங்குலம் உள்ள திரை அவ்வளவுதான் இருக்கும். பக்கத்திலேயே 22.4 செ.மீ. உயரமும் 16.8 செ.மீ. அகலமும் உள்ள இன்னொரு கட்டத்தை வரையுங்கள். அது 4க்கு 3 என்ற விகிதத்தில் அதே 11 அங்குலம். உங்களிடம் உள்ள பழைய நூல் ஒன்றை விரித்து, ஒரு பக்கத்தை இந்த இரண்டின் மேலும் வைத்துப் பாருங்கள். எந்தக் கட்டத்தில் பக்கம் சுருங்காமல் உட்காருகிறதோ அந்த வடிவத்தைக் கடையில் கேளுங்கள். வரப்போகும் புதிய சிப் எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் இந்தக் கணக்கை மாற்றாது. பக்கம் புரட்டிப் படிப்பதற்கு இப்போது கடையில் கிடைக்கும் நடுத்தர விலைக் கருவிகளின் வேகமே போதும்.

மருமகன் சொல்லும் இரண்டு மாதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2010 ஜனவரி 27 அன்று முதல் ஐபேடு அறிவிக்கப்பட்டபோது, அதன் விலை ஆயிரம் டாலரை ஒட்டியிருக்கும் என்றுதான் பலரும் எதிர்பார்த்திருந்தார்கள். 499 டாலரில் தொடங்கும் என்ற அறிவிப்பு உலகத்தையே வியக்க வைத்தது. ஏப்ரல் 3 அன்று அது அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. நம் நாட்டில் முறையாக விற்பனைக்கு வந்ததோ 2011 ஜனவரியில். தொடக்க விலை 27,900 ரூபாய். தமிழில் தட்டச்சு செய்வதற்கான விசைப்பலகை அதன் இயங்குதளத்திலேயே அமைந்து வர 2013இல் ஐஓஎஸ் 7 வெளியாகும்வரை பொறுக்க வேண்டியிருந்தது. இப்போது இடைவெளி பெரிதும் குறைந்துவிட்டது. ஆனாலும் அறிவிக்கும் நாளும், காரைக்குடிக் கடையில் உங்கள் கைக்கு வரும் நாளும் ஒன்றல்ல. பொறுப்பதற்கு நியாயமான காரணம் ஒன்று உண்டென்றால், புதியது வந்ததும் முந்தைய மாடலின் விலை பெரும்பாலும் இறங்கும் என்பதுதான். வெளியீட்டுத் தேதி உறுதியாக அறிவிக்கப்பட்டிருந்தால் மட்டும் அதற்காகப் பொறுங்கள். வெறும் வதந்தியை நம்பி இன்னொரு தீபாவளியைக் கழிக்காதீர்கள்.

கேள்வி: குறைந்த விலையில் ஒரு புதிய டேப்லெட் வருகிறது, மாணவர்களுக்கு மிகவும் ஏற்றது என்கிறார்கள். முன்பு 'ஆகாஷ்' வந்தபோதும் இப்படித்தான் சொன்னார்கள். மகளுக்காக முன்பதிவு செய்யலாமா? (வாசகர், புதுவயல்)

பதில்: ஆகாஷை நினைவில் வைத்திருப்பது நல்லது. 2010 ஜூலையில் அன்றைய மத்திய அமைச்சர் கபில் சிபல் 35 டாலர் கணினி என்று ஒரு மாதிரியைக் காட்டியபோது, எல்லா மாணவர் கையிலும் ஒரு கணினி என்ற நம்பிக்கை நாடு முழுவதும் எழுந்தது. அந்த நம்பிக்கை தவறானது என்று நான் இன்றும் நினைக்கவில்லை. 2011 அக்டோபர் 5 அன்று ஆகாஷ் என்ற பெயரில் வெளியான கருவியில் 366 மெகாஹெர்ட்ஸ் செயலியும் 256 எம்பி நினைவகமும் இருந்தன. திரை, விரல் பட்டாலே உணரும் வகையைச் சேர்ந்ததல்ல, அழுத்தினால்தான் உணரும். பாடக் காணொளி பார்க்க விரும்பும் பிள்ளைக்கு அது போதவில்லை. அடுத்த ஆண்டு நவம்பரில் வந்த ஆகாஷ் 2இல் செயலி 1 கிகாஹெர்ட்ஸ் ஆனது, நினைவகம் 512 எம்பி ஆனது, திரையும் தொட்டாலே உணரும் வகைக்கு மாறியது. முதல் பதிப்பின் குறைகளை அதை வாங்கியவர்கள் பட்டுத் தெரிந்துகொள்ள, இரண்டாம் பதிப்பில் அவை திருத்தப்படுவது இந்தத் தொழிலில் வழக்கம். ஆகவே முன்பதிவு வேண்டாம். கருவி கடைக்கு வந்தபின் மகளையும் அழைத்துச் செல்லுங்கள். அவள் படிக்கும் பாடநூலின் பிடிஎஃப் கோப்பைத் திறந்து, அது திறந்திருக்கும்போதே ஒரு காணொளியையும் ஓட விட்டு, இரண்டுக்கும் இடையே பத்து முறை மாறிப் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை ஆண்டுகளுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு தருவார்கள் என்பதையும் கேளுங்கள். விலை குறைந்த கருவிகள் பலவும் கைவிடப்படுவது அந்த இடத்தில்தான்.

கேள்வி: வெளியீட்டுக்கு முன்பே கசியும் தகவல்களில் எதை நம்பலாம்? (கல்லூரி மாணவர், காரைக்குடி)

பதில்: இந்தியாவில் டேப்லெட் விற்க இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயம். அங்கே ஒரு மாடல் எண் தென்பட்டால், நம் நாட்டில் விற்கும் எண்ணம் இருக்கிறது என்று கொள்ளலாம். விலையோ தேதியோ அதிலிருந்து தெரியாது. டாலர் விலையை ரூபாயால் பெருக்கிப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அமெரிக்காவில் அறிவிக்கப்படும் விலையில் அங்குள்ள விற்பனை வரி சேராது, நம் விலையில் ஜிஎஸ்டி சேர்ந்தே வரும். விளம்பரப் படத்தில் இருக்கும் பேனாவும் விசைப்பலகையும் பெட்டிக்குள் இருக்குமா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்பத்தா கோலாலம்பூரில் உள்ள பேரனோடு வீடியோவில் பேசும்போது படம் நின்று நின்று வருகிறது. புதிய டேப்லெட் வந்தால் சரியாகுமா? (வாசகி, தேவகோட்டை)

பதில்: குறை பெரும்பாலும் உங்களிடம் இப்போது உள்ள கருவியில் இருக்காது, அம்மா. வைஃபை பெட்டி முகப்பில் இருக்கிறது, அப்பத்தா வீட்டின் பின்பகுதியான இரண்டாங்கட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நடுவில் இருப்பவை செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய தடித்த சுவர்கள். வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை அவற்றைக் கடக்கும்போது மிகவும் வலுவிழக்கும், 2.4 அதைவிடச் சற்றுத் தேறும். முதலில் கருவியை 2.4க்கு மாற்றிப் பாருங்கள். அதிலும் தெளியாவிட்டால், முகப்பிலிருந்து ஒரு கேபிள் இழுத்து, வளவில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றியுள்ள பகுதியில், இரண்டாங்கட்டுக் கதவுக்கு நேராக உள்ள தூணில் இன்னொரு வைஃபை பெட்டியைப் பொருத்தச் சொல்லுங்கள். திறந்த முற்றத்தில் அலையைத் தடுக்க ஒன்றுமில்லை. அதுவரை அப்பத்தாவின் நாற்காலியை வளவுக்குக் கொண்டுவந்து போடுங்கள். பேரனுக்கு அவர் முகமும் நல்ல வெளிச்சத்தில் தெரியும்.