ஃப்ரீசரில் 40 டியூப், கையில் ஏஜென்டின் கொட்டேஷன்

கேள்வி: பயோகெமிஸ்ட்ரி எம்.டி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நீரிழிவால் சிறுநீரகம் பாதித்த 20 பேர், ஆரோக்கியமான 20 பேர் என்று 40 பேரின் சீரத்தை (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) -20 டிகிரி ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன். மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி (மூலக்கூறுகளை எடைபோட்டு அடையாளம் காணும் முறை) செய்து மூன்று வாரத்தில் பயோமார்க்கர் (நோயைக் காட்டிக்கொடுக்கும் புரதங்கள்) பட்டியலும், கூடவே கட்டுரையும் எழுதித் தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். கொட்டேஷனை ஓரமாக வைத்துவிட்டு முதலில் ஃப்ரீசரைத் திறந்து பாருங்கள். சீரம் வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும். ரோஸ்மில்க் மாதிரி லேசாகச் சிவந்திருந்தால் ரத்தச் சிவப்பணு உடைந்திருக்கிறது என்று அர்த்தம். அதைக் கருவியில் போட்டால் ஹீமோகுளோபின், கார்போனிக் அன்ஹைட்ரேஸ், பெராக்ஸிரெடாக்சின்-2 என்று சிவப்பணுவுக்குள் இருக்கும் புரதங்கள் எல்லாம் பட்டியலின் உச்சியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அவை சிறுநீரகத்தின் சேதி அல்ல, ஊசி குத்தியவரின் அவசரம். இப்படி ஒரு பட்டியலை லேமினேட் செய்து என்னிடம் எடுத்து வந்த மாணவர் இருக்கிறார். அதில் மூன்றாவது மார்க்கர் கெரட்டின், அதாவது யாரோ ஒருவருடைய தோல் துகள்.

அடுத்து ரெஜிஸ்டரைப் பாருங்கள். நோயாளிகளின் ரத்தம் வார்டில் எடுத்தது, ஆரோக்கியமானவர்களுடையது ஏதோ ஒரு முகாமில் எடுத்து மதியம் வரை பெட்டியில் கிடந்து வந்தது என்றால், கதை அங்கேயே முடிந்தது. கருவி இரு கூட்டத்தையும் அழகாகப் பிரித்துக் காட்டும். அது பிரிப்பது முகாமையும் வார்டையும். இன்னொன்று, அந்த ஃப்ரீசர் ஃப்ராஸ்ட்-ஃப்ரீ வகையா? அவை பனிக்கட்டி சேராமலிருக்கத் தாமாகவே அவ்வப்போது சூடேறித் தணியும். சீரத்துக்கு அது மெல்ல மெல்ல விஷம். -80 தான் முறை.

இந்தப் பள்ளத்தில் பெரியவர்களே விழுந்திருக்கிறார்கள். 2002-ல் லான்செட் இதழில் சினைப்பைப் புற்றுநோயைச் சீரத்தின் புரத வடிவத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம் என்று ஒரு கட்டுரை வந்தது. 50 புற்றுநோய் மாதிரிகளில் ஐம்பதையும் பிடித்ததாம். பிறகு அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தின் கீத் பாகர்லியும் சகாக்களும் அந்தக் குழு வெளியிட்ட தரவுகளை அலசியபோது, எந்தப் புரதமும் இருக்க முடியாத வெறும் இரைச்சல் பகுதியை வைத்தே இரு கூட்டத்தையும் பிரிக்க முடிந்தது. அதனால்தான் சொல்கிறேன்: நோயாளி மாதிரிகளைத் திங்கட்கிழமையும் மற்றவற்றைச் செவ்வாய்க்கிழமையும் ஓட்டக்கூடாது. சீட்டுக் குலுக்கிப் போட்ட வரிசையில்தான் ஓட்ட வேண்டும். உங்கள் ஏஜென்டிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், முகம் மாறும்.

அவரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: "மாதிரிகளை ஒன்றாகக் கலந்து ஓட்டுவீர்களா?" செலவைக் குறைக்க 20 பேர் சீரத்தையும் ஒரே டியூபில் கலந்து, அதை மூன்று முறை ஓட்டி, 'டிரிப்ளிகேட்' என்று போட்டு பி-வேல்யூவும் (நிஜ வித்தியாசம் இல்லாதபோதும் இப்படித் தற்செயலாக வரும் வாய்ப்பைச் சொல்லும் எண்) கொடுத்துவிடுவார்கள். ஒரே அண்டா சாம்பாரை மூன்று கரண்டி ருசி பார்த்துவிட்டு மூன்று வீட்டில் சாப்பிட்டதாகச் சொல்வது போல. இருபது பேரைச் சேர்த்த உங்கள் ஒரு வருட உழைப்பு அங்கே ஒரே ஆளாகச் சுருங்கிவிடும். கட்டுரையும் எழுதித் தருகிறேன் என்பவரைப் பற்றி நான் என்ன சொல்ல? கட்டுரை காட்டு என்று கழுத்தைப் பிடிக்கும் வரை இந்தக் கடைகளுக்கு மூடுவிழா கிடையாது.

சரி, எல்லாம் ஒழுங்காகவே இருந்தாலும் என்ன கிடைக்கும்? ஒரு மில்லிலிட்டர் சீரத்தில் ஆல்புமின் மட்டும் சுமார் 40 மில்லிகிராம். இன்டர்லூகின்-6 போன்ற புரதம் சில பிகோகிராம். ஆயிரம் கோடி மடங்கு இடைவெளி. தேர்த் திருவிழாக் கூட்டத்தில் மூக்குத்தித் திருகாணியைத் தேடுவது இது. சாதாரண ஓட்டத்தில் சில நூறு புரதங்கள் தெரியும். 300 புரதங்களை பி-வேல்யூ 0.05 என்ற அளவுகோலில் ஒப்பிட்டால், நோயே இல்லாவிட்டாலும் சராசரியாக 15 'மார்க்கர்' தாமாகவே முளைக்கும். இதைத் திருத்தும் கணக்கு இருக்கிறது. பேக்கேஜில் அது இருப்பதில்லை.

பழைய மாதிரி என்றாலே வீண் என்று நினைத்துவிடாதீர்கள். பாரஃபின் பிளாக் (மெழுகில் பதித்து வைத்த திசுத் துண்டு) விஷயம் வேறு. அமிலாய்டு நோயில் சிறுநீரகத்திலோ இதயத்திலோ ஒரு புரதம் படிந்துவிடும். காங்கோ ரெட் சாயம் போட்டால் படிந்திருப்பது தெரியும், எந்தப் புரதம் என்று தெரியாது. லேசரால் அந்தப் படிவை மட்டும் வெட்டியெடுத்து, டிரிப்சின் என்சைமால் துண்டாக்கி, மாஸ் ஸ்பெக்கில் எடை பார்த்தால் பெயர் வந்துவிடும். லைட் செயின் (ஆன்டிபாடியின் ஒரு பகுதி) என்றால் எலும்பு மஜ்ஜையை நோக்கிய சிகிச்சை; டிரான்ஸ்தைரெட்டின் (பெரும்பாலும் கல்லீரல் சுரக்கும் புரதம்) என்றால் பாதையே வேறு. மாற்றிக் கொடுத்தால் நோயாளிக்குத் தேவையில்லாத கீமோ. மேயோ கிளினிக்கில் இது அன்றாடப் பரிசோதனை. ஃபார்மலினில் பதப்படுத்திய திசு வருடக்கணக்கில் தாங்கும் என்பதாலும், படிவில் அந்தப் புரதமே குவிந்து கிடப்பதாலும் இது நடக்கிறது. சீரத்துக்கு அந்த இரண்டு கொடுப்பினையும் இல்லை.

மாஸ் ஸ்பெக் செய்தே தீர வேண்டும் என்றால் தரகர் எதற்கு? அரசுப் பணத்தில் வாங்கிய கருவிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று ஐ-ஸ்டெம் என்ற மத்திய அரசின் இணையதளத்தில் பார்த்து நேரடியாகப் பதியலாம். கோடிக்கணக்கில் டெண்டர் விட்டு வாங்குவார்கள், ஓட்ட ஒரு நிரந்தரப் பணியிடம் மட்டும் வராது, பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்ததும் மேலே துணி போர்த்திவிடுவார்கள். ஆகவே போன் போட்டு, கருவி ஓடுகிறதா என்று கேட்டுவிட்டே பஸ் ஏறுங்கள். எங்கே கொடுத்தாலும் எக்செல் பட்டியலோடு ரா ஃபைலையும் (கருவி பதிந்த மூலத் தரவு) கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் யாரும் மறுபடி சரிபார்க்க முடியாது. நோயாளிகளின் சம்மதப் படிவமும் எத்திக்ஸ் கமிட்டி அனுமதியும் வெளியே அனுப்புவதை உள்ளடக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

தீசிஸ் கொடுக்கும் தேதி நெருங்குகிறது என்றால் கைடிடம் பேசித் தலைப்பைச் சுருக்குங்கள். நீரிழிவு சிறுநீரக நோயோடு தொடர்புள்ளதாக ஏற்கெனவே தெரிந்த ஒரே புரதம், உதாரணமாக டி.என்.எஃப். ரிசெப்டார் 1, எலிசாவில் (ஆன்டிபாடியை வைத்து ஒரு புரதத்தை அளக்கும் சோதனை) அளக்கலாம். கிட்டோடு வரும் தாளில் -20 சேமிப்புக்கு அனுமதி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 40 மாதிரி இரண்டிரண்டு முறை என்றால் 80 குழி, ஸ்டாண்டர்டுக்கு (அளவு தெரிந்த ஒப்பீட்டு மாதிரி) 16. சரியாக ஒரு 96 குழித் தட்டு.