பழைய புல்வெட்டி இன்ஜின்: இக்னிஷன் உதிரிபாகம் தேடுவோருக்குப் பதில்கள்

பெட்ரோலில் ஓடும் பழைய புல்வெட்டியைப் புதுப்பிக்க இறங்கியவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பெரும்பாலும் பாயின்ட் (மின்சாரத்தை விட்டுவிட்டு அறுக்கும் இரண்டு தொடுமுனைகள்), கண்டென்சர் (அந்த முனைகள் கருகாமல் காக்கும் சிறு மின்தேக்கி) வைத்த மேக்னெட்டோ இன்ஜின்கள்தான், அதாவது பேட்டரி இல்லாமல் சுழலும் காந்தத்தாலேயே பொறி உண்டாக்குபவை.

கேள்வி: பல வருஷம் சும்மா கிடந்த இன்ஜின். கயிறு இழுத்தால் ஸ்பார்க்கே இல்லை. காயில் (பொறிக்கான உயர் மின்னழுத்தம் தரும் கம்பிச்சுருள்) போய்விட்டது என்கிறார்கள். எங்கே வாங்குவது அண்ணா?

இப்போதைக்கு எங்கேயும் வாங்காதே தம்பி. காயிலைக் கடைசியாகப் பார்த்தால் போதும். முதலில் இன்ஜினை நிறுத்தும் வயரைக் கழற்றிவிட்டு இழுத்துப் பார். அது எங்காவது தோல் உரிந்து பாடியில் பட்டால், மற்றதெல்லாம் நன்றாக இருந்தும் பொறி வராது. பார்க்கும்போது பெட்ரோல் ஆவி பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்.

அப்போதும் வரவில்லையா, ஃபிளைவீலை, அதாவது காந்தம் பதித்த கனமான சக்கரத்தை, கழற்றிப் பாயின்டுக்குப் போ. ஓடாமல் கிடந்த இன்ஜினில் பாயின்டின் இரண்டு முகத்திலும் மெல்லிய ஆக்சைடு படலம் படிந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. காயில் வயரைக் கழற்றிவிட்டு மீட்டர் வைத்தால், மூடியிருக்கும் பாயின்டும் திறந்திருப்பதாகக் காட்டும். சன்னமான அரத்தால் லேசாக இரண்டு இழுப்பு. பிறகு தின்னரில் நனைத்த வெள்ளைக் காகிதத்தை நடுவில் வைத்துப் பாயின்டை மூடவிட்டு, மெதுவாக உருவு. காகிதத்தில் கறுப்புக் கோடு விழும். இடம் மாற்றி மாற்றி உருவிக்கொண்டே இரு, கோடு விழுவது நிற்கும் வரைக்கும். எமரித் தாள் மட்டும் வேண்டாம், அதன் துகள் முகத்தில் பதிந்துவிடும். காயில் வாங்கப் போனவர்களில் எத்தனையோ பேருக்கு வேலை இந்தக் காகிதத்தோடு முடிந்திருக்கிறது.

கேள்வி: என்ன மாடல் என்றே தெரியவில்லை. போட்டோ காட்டிக் கேட்டால் ஆளுக்கு ஒரு பாகம் சொல்கிறார்கள்.

போட்டோவை வைத்துப் பாகம் வாங்கவே கூடாது. பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் இன்ஜின் என்றால் மேலே இருக்கும் தகர மூடியில் மாடல், டைப், கோட் என்று மூன்று எண்கள் அடித்திருக்கும். பெயின்ட் மூடியிருந்தால் தின்னர் தொட்டுத் துடையுங்கள், சுரண்ட வேண்டாம். 92908 என்ற மாடலை எடுத்துக்கொள்வோம். முதல் 9 என்பது 9 கன அங்குலக் கொள்ளளவு, ஏறத்தாழ 150 சிசி. அடுத்த 2 வடிவமைப்பு வரிசை. அதற்கடுத்த 9, ஷாஃப்ட் செங்குத்து என்பதையும் கார்புரேட்டர் வகையையும் சொல்லும். கோட் எண் 790412 என்று தொடங்கினால் 1979 ஏப்ரல் 12-இல் தயாரானது.

தேதி ஏன் முக்கியம் என்றால், இந்த நிறுவனம் மேக்னெட்ரான் என்ற பாயின்ட் இல்லாத இக்னிஷனை 1982-இல்தான் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய தேதி இருந்தால் ஃபிளைவீலுக்கு அடியில் பாயின்டை எதிர்பார்க்கலாம். மூடி வேறு இன்ஜினிலிருந்து மாட்டியதாகவும் இருக்கலாம். அதனால் கழற்றிய பாகத்தில் உள்ள எண்ணையும் ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள்.

கேள்வி: பெட்டி பிரிக்காத பழைய ஒரிஜினல் சரக்கு கிடைக்கிறது. நம்பி வாங்கலாமா சார்?

பாயின்டை வாங்கலாம். பூசி வைத்திருக்கும் எண்ணெயைத் துடைத்துவிட்டுப் போடுங்கள். கண்டென்சரை வாங்காதீர்கள். அது பெட்டிக்குள்ளேயே கெட்டுப்போகும் பொருள். பழசில் உள்ளே இருப்பது காகிதக் காப்பு, காலப்போக்கில் ஈரம் ஏறிவிடும். புதிதாகத் தயாரான கண்டென்சர், மாற்றுக் கம்பெனிச் சரக்காக இருந்தாலும், அதைவிட மேல். அளவு 0.2 மைக்ரோஃபாரட் பக்கத்தில் வரும். பிரிக்ஸின் சிறிய இன்ஜின்களில் பாயின்டின் ஒரு முகமே கண்டென்சர் நுனியில் இருக்கும், ஆகவே இரண்டும் சேர்ந்த செட்டாகத்தான் கிடைக்கும். 294628 என்று தேடுங்கள்.

கேள்வி: டெக்கும்சே என்ற இன்னொரு அமெரிக்க நிறுவனம் இன்ஜின் தயாரிப்பையே நிறுத்திவிட்டதாமே?

2008-இல் நிறுத்தினார்கள். ஆனாலும் பாயின்ட் 30547ஏ, கண்டென்சர் 30548பி என்ற பழைய எண்களிலேயே மற்றவர்கள் செய்து விற்கிறார்கள். பயப்பட வேண்டாம்.

கேள்வி: ஃபிளைவீல் அசையவே மாட்டேன் என்கிறது. நெம்பலாமா?

நெம்பாதீர்கள். விசிறி இறக்கை ஒன்று உடைந்தால் பேலன்ஸ் போச்சு, அந்த ஃபிளைவீலைத் தேடுவது பாயின்ட் தேடுவதைவிடப் பெரிய பாடு. புல்லர் (சக்கரத்தை இழுத்துக் கழற்றும் கருவி) போடத் துளை இருந்தால் புல்லர்தான் சரி. காந்தம் பலமாக இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். ஸ்க்ரூடிரைவரைக் கைப்பிடியில் தளர்வாகப் பிடித்து, நுனி கீழே தொங்க, காந்தத்திலிருந்து முக்கால் அங்குலம் தள்ளிக் காட்டுங்கள். நுனி அந்தப் பக்கம் இழுபட்டால் காந்தத்துக்குக் குறையில்லை.

கேள்வி: என்னிடம் இருப்பது வில்லியர்ஸ் என்ற பிரிட்டிஷ் இன்ஜின். அதற்கும் இதே முறைதானா?

பாயின்ட் துடைப்பது அதேதான். கழற்றுவது வேறு. பல மாடல்களில் நடு நட்டே புல்லராகவும் வேலை செய்யும்: முதலில் தளரும், பிறகு மறுபடி இறுகும், விடாமல் திருப்பினால் வீல் தானாக வெளியே வரும். பழைய காந்தம் பலம் இழக்காமலிருக்க, கழற்றியதும் காந்த முனைகளுக்குக் குறுக்கே இரும்புத் துண்டு வைத்துவிட வேண்டும். பாயின்ட் இடைவெளி 0.012 முதல் 0.015 அங்குலம். காயில் உண்மையிலேயே போயிருந்தால், பழசைத் தேடி அலைவதைவிட அதையே மறுபடி சுற்றக் கொடுப்பது நல்லது. கிடைக்கும் பழசும் இதே வயதுதானே?

கேள்வி: மற்றதற்கெல்லாம் இடைவெளி எவ்வளவு?

பிரிக்ஸ், டெக்கும்சே இரண்டுக்கும் பாயின்ட் 0.020 அங்குலம், பிளக் 0.030. காயிலுக்கும் ஃபிளைவீலுக்கும் நடுவே உள்ள இடைவெளி மாடலுக்கு மாடல் மாறும்.

கேள்வி: பாயின்டைத் தூக்கிவிட்டு எலக்ட்ரானிக் மாட்யூல் போட்டால் என்ன அண்ணா?

தினமும் ஓட்டப்போகும் இன்ஜின் என்றால் தாராளமாகப் போடு. பிரிக்ஸ் காயிலுக்கே பொருந்தும் 394970 என்ற மாட்யூல் உண்டு. பொதுவான மாட்யூல் போட்டுப் பொறி பலவீனமாக வந்தால், காந்தத்தின் துருவம் எதிராக இருக்கலாம். காயிலின் முதன்மை வயர் இரண்டையும் மாற்றிக் கொடுத்துப் பார். அப்புறம் இது முக்கியம்: பாயின்டைத் தள்ளும் பிளஞ்சரையும் எடுத்துவிட்டால், அந்தத் துளையை அதற்கான அடைப்பானால் மூடிவிடு. இல்லையென்றால் ஆயில் வெளியே வரும். காட்சிக்கு வைக்கும் இன்ஜினில் மட்டும் பாயின்டை எடுக்காதே, அதைப் பார்க்கத்தான் வருகிறார்கள்.

கேள்வி: பாயின்டைச் சுத்தம் செய்து ஓடியது. கொஞ்ச நாளில் மறுபடி ஆயில் படிந்து நின்றுவிட்டது.

பிளஞ்சர் தேய்ந்திருக்கும். உருவி எடுத்து அளந்து பாருங்கள். 0.870 அங்குலத்துக்கு வந்துவிட்டால் புதிது போட வேண்டும். போடும்போது பள்ளம் உள்ள முனை மேலே, பாயின்ட் பக்கம் வர வேண்டும். தலைகீழாகப் போட்டாலும் ஆயில் ஏறும். புதுப் பிளஞ்சரும் ஆடினால் துளையே தேய்ந்திருக்கிறது, புஷ் (துளைக்குள் பொருத்தும் உலோக உறை) அடிக்க வேண்டும்.

கேள்வி: நல்ல நீலப் பொறி வருகிறது, ஆனாலும் ஸ்டார்ட் ஆகவில்லை. கயிறு கையைப் பின்னால் வெடுக்கென்று இழுக்கிறது.

ஃபிளைவீல் கீ, அதாவது ஃபிளைவீலை ஷாஃப்டோடு நேராக நிறுத்தும் சிறு துண்டு, அறுந்திருக்கும். பிளேடு கல்லில் மோதிய வண்டியில் இது சகஜம். பாதி அறுந்தாலும் பொறி நேரம் தவறி வரும். பிரிக்ஸில் அது மென்மையான அலுமினியக் கீ, 222698 என்ற எண்ணில் மலிவாகவே கிடைக்கும். வலுவாக இருக்கட்டும் என்று இரும்பில் செய்து போடாதீர்கள். அடுத்த கல்லில் கீக்குப் பதிலாக கிராங்க் ஷாஃப்ட் போகும்.