48,000 பேர் சேர்ந்து மீட்ட நிகழ்ச்சி

அன்புள்ள ஐயா,

நீங்கள் முன்பு எழுதியதைப் படித்துவிட்டுத்தான் 'மிஸ்டரி சயன்ஸ் தியேட்டர் 3000' பார்க்க ஆரம்பித்தேன். நெட்ஃபிளிக்ஸுக்காக வந்த இரண்டு சீசன்களையும் முடித்தாயிற்று. ரொம்பப் பிடித்திருந்தது. அப்புறம், 2019இல் நிகழ்ச்சி நிறுத்தப்பட்டபோது ரசிகர்கள் என்ன எழுதினார்கள் என்று தேடிப் படித்தேன். சிலர் அழுதோம் என்கிறார்கள். சிலர் சந்தாவை ரத்து செய்துவிட்டோம் என்கிறார்கள். எங்கள் பணத்தில் எடுத்ததை நிறுத்த இவர்கள் யார் என்று சிலர் கேட்கிறார்கள். பழைய ஆட்கள் இல்லாத நிகழ்ச்சி போனால் போகட்டும் என்றும் சிலர்.

எனக்கு இது கொஞ்சம் அதிகப்படியாகப் பட்டது. பழைய மோசமான படங்களைப் பார்த்து மூன்று பேர் கிண்டலடிக்கும் நிகழ்ச்சி. நின்று பல வருடம் கழித்து மறுபடி 20 எபிசோடு கிடைத்ததே பெரிய விஷயம் இல்லையா? பணம் போட்டதால் ரசிகர்களுக்கு உரிமை வந்துவிடுமா? கடைசியாக ஒன்று: பழைய எபிசோடுகளில் எங்கிருந்து தொடங்குவது?

அன்புடன்,
ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

அதிகப்படி என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த நாட்களில் நானும் அந்த எதிர்வினைகளைப் படித்தேன். அவற்றில் பலவற்றோடு இன்றும் எனக்கு உடன்பாடுதான். காரணத்தைச் சொல்வதற்கு முன், இந்த நிகழ்ச்சியைத் தெரியாத மற்ற வாசகர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

1988 நவம்பரில், அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில், கேடிஎம்ஏ என்ற சின்ன உள்ளூர் தொலைக்காட்சியில் ஜோயல் ஹாட்ஜ்சன் என்ற நகைச்சுவைக் கலைஞர் தொடங்கியது இது. ஒரு ஆளை விண்கலத்தில் அடைத்து வைத்திருக்கிறார்கள். கிறுக்குப் பிடித்த விஞ்ஞானிகள் உலகத்திலேயே மோசமான படங்களைத் தேடி எடுத்து அவனைப் பார்க்க வைக்கிறார்கள். அவனுக்குத் துணை சில ரோபோக்கள். திரையின் அடியில் ஒரு மனிதத் தலையும் இரண்டு ரோபோத் தலைகளும் நிழலுருவமாகத் தெரியும். படம் ஓட ஓட அவர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். அவ்வளவுதான் நிகழ்ச்சி.

தொடக்கத்திலேயே அவர்கள் செய்த ஒரு காரியத்தைக் கவனியுங்கள். ஒரு தொலைபேசி எண்ணைத் திரையில் கொடுத்து, பார்ப்பவர்களைக் கூப்பிடச் சொன்னார்கள். வந்து பதிவான குரல்களை நிகழ்ச்சியிலேயே ஒலிக்க விட்டார்கள். பிறகு நிகழ்ச்சி காமெடி சேனலுக்குப் போனது. அதுதான் பின்னாளில் காமெடி சென்ட்ரல். எல்லா ஊர் கேபிளிலும் அந்தச் சேனல் வராத காலம். அப்போது எபிசோடின் இறுதிப் பெயர்ப் பட்டியலில் ஒரு வரி வரும்: டேப்களைக் கைமாற்றிக்கொண்டே இருங்கள் என்று. தன் நிகழ்ச்சியைப் பிரதியெடுத்துப் பரப்பச் சொல்லி நிகழ்ச்சியே கேட்டுக்கொண்டது. ரசிகர்கள் அப்படியே செய்தார்கள். யார் வீட்டிலோ பதிவான விஎச்எஸ் டேப் தபாலில் இன்னொரு மாநிலத்துக்குப் போகும், அங்கே நான்கு பேர் சேர்ந்து பார்ப்பார்கள், அவர்களில் ஒருவர் இன்னொரு பிரதி எடுப்பார்.

1996இல் காமெடி சென்ட்ரல் கைவிட்டது. ரசிகர்கள் கடிதம் எழுதிக் குவித்தார்கள், சைஃபை சேனல் எடுத்துக்கொண்டது. 1999இல் அவர்களும் நிறுத்தினார்கள். மறுபடி பிரச்சாரம் நடந்தது. அந்த முறை பலிக்கவில்லை.

அதற்குப் பிறகு பதினாறு வருடம். 2015 நவம்பரில் ஹாட்ஜ்சன், பொதுமக்களிடம் நிதி திரட்டும் இணையதளமான கிக்ஸ்டார்ட்டரில் ரசிகர்களிடம் நேராகப் பணம் கேட்டார். குறைந்தபட்சம் 20 லட்சம் டாலர் வேண்டும், அதில் மூன்று எபிசோடு எடுக்கலாம் என்றார். 48,000 பேருக்கு மேல் சேர்ந்து 57 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். கிக்ஸ்டார்ட்டரில் திரைப்படம், வீடியோ பிரிவில் அதுவரை யாரும் அவ்வளவு திரட்டியதில்லை. அந்தப் பணத்தில்தான் ஜோனா ரே நடத்திய 14 எபிசோடு உருவாகி, 2017 ஏப்ரலில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. அடுத்த வருடம் நவம்பரில் இன்னும் ஆறு. 2019 நவம்பரில், மேடை நிகழ்ச்சிச் சுற்றுப்பயணம் நடந்துகொண்டிருந்த நேரத்தில், நெட்ஃபிளிக்ஸில் அடுத்த சீசன் கிடையாது என்று ஹாட்ஜ்சன் அறிவித்தார்.

இப்போது உங்கள் உரிமைக் கேள்விக்கு வருகிறேன். சட்டப்படி எதுவும் இல்லை. கிக்ஸ்டார்ட்டரில் பணம் போடுபவர் பங்குதாரர் ஆவதில்லை. சட்டையோ டிவிடியோ பெயர்ப் பட்டியலில் இடமோ கிடைக்கும், அதோடு சரி. ஆனால் 'எங்கள் பணத்தில் எடுத்தது' என்று அந்த ரசிகர் எழுதியிருக்கிறாரே, முதல் 14 எபிசோடைப் பொறுத்தவரை அது எழுத்துக்கு எழுத்து உண்மை. ஒரு நிறுவனம் தன் பணத்தில் ஒன்றைத் தொடங்கி, சரிப்படவில்லை என்று நிறுத்துவது ஒரு விஷயம். ஆயிரக்கணக்கானவர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து எடுத்துக் கொடுத்து உயிர்ப்பித்த ஒன்றை, பணம் திரண்ட பிறகு வாங்கி, இரண்டு சீசனில் விட்டுவிடுவது வேறு விஷயம். இரண்டாவதில் வருகிற கோபத்தை நான் நியாயமான கோபம் என்றே சொல்வேன்.

நெட்ஃபிளிக்ஸ் ஏன் விட்டது? காரணத்தை அவர்கள் விரித்துச் சொன்னதில்லை. ஆனால் ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் எதை எண்ணுகின்றன என்பது பொதுவில் தெரிந்ததுதான்: வெளியாகி முதல் 28 நாளில் எத்தனை பேர் தொடங்கினார்கள், அதில் எத்தனை பேர் கடைசிவரை பார்த்தார்கள், செலவுக்கு அது ஈடாகிறதா. இந்த நிகழ்ச்சியை அந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். ஒரு எபிசோடு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். 14 எபிசோடும் ஒரே நாளில் வெளியானது. நூற்றுக்கணக்கான நகைச்சுவைகளை அடைத்த ஒன்றரை மணி நேரத்தை யாராலும் அடுத்தடுத்து விழுங்க முடியாது. இதன் ரசிகர்கள் பார்க்கும் விதமே வேறு. வெள்ளிக்கிழமை இரவு ஒன்று, ஒரு மாதம் கழித்து அதையே இன்னொரு முறை. பாதியில் தூங்கிப்போவார்கள், அடுத்த நாள் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். பத்து வருடம் கழித்து ஒரு எபிசோடை இருபதாவது முறையாகப் பார்த்து, அதுவரை பிடிபடாத ஒரு நகைச்சுவைக்குச் சிரிப்பவர்கள் உண்டு. முதல் 28 நாளின் கணக்கில் அந்தச் சிரிப்புக்கு இடமே கிடையாது.

தயாரித்தவர்களுக்கும் இது தெரிந்தே இருந்தது என்று நினைக்கிறேன். இரண்டாவது சீசனை ஆறு எபிசோடாகச் சுருக்கினார்கள். கதையிலேயே ஆறு படங்களையும் இடைவிடாமல் பார்க்கவைக்கும் சோதனை என்று அமைத்தார்கள். முதல் சீசனில் நகைச்சுவைகள் மூச்சுவிடாமல் வருகின்றன என்ற குறையையும் கேட்டு, நிதானமாக்கினார்கள். எனக்கு அந்த ஆறும் முந்தைய 14ஐவிடச் சிறப்பாகவே தோன்றுகிறது. இவ்வளவு இறங்கி வந்தும் போதவில்லை என்பதுதான் வருத்தம்.

இன்னொன்றும் உண்டு. இந்தக் குழுவினர் எழுதும்போது 'இது யாருக்குப் புரியும்' என்று கவலைப்படுவதில்லை, புரிய வேண்டியவருக்குப் புரியும் என்று விட்டுவிடுவார்கள். அறுபதுகளின் ஒரு சோப்பு விளம்பரத்தையும் ஒரு தத்துவவாதியையும் ஒரே வாக்கியத்தில் இழுப்பார்கள். எல்லோருக்கும் எல்லாம் புரியாது. ஆனால் தனக்கென்று ஒரு வரி வரும்போது, இதை எனக்காகவே எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்பவருக்குத் தோன்றிவிடும். அப்படி ஒன்றைத் தந்த நிகழ்ச்சி நிற்கும்போது அழுதேன் என்று ஒருவர் எழுதினால், அவரை நான் நம்புகிறேன்.

பழைய ஆட்கள் இல்லாத நிகழ்ச்சி போகட்டும் என்றவர்களோடு மட்டும் எனக்கு ஒத்துப்போகவில்லை. அதுவரை விண்கலத்தில் அடைபட்ட ஆளாக நடித்த ஹாட்ஜ்சன் 1993இல் விலகி, அவர் இடத்துக்கு மைக் நெல்சன் வந்தபோதும் இதே பேச்சுதான். அன்று நெல்சனை ஏற்க மறுத்தவர்களில் பலர் இன்று அவருடைய எபிசோடுகளைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள்.

2019இல் உண்மையில் இழந்தது என்ன என்பதைப் பிறகு நடந்ததை வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும். நிகழ்ச்சி சாகவில்லை. 2021இல் மறுபடி கிக்ஸ்டார்ட்டர். இந்த முறை 65 லட்சம் டாலர் சேர்ந்தது. கிஸ்மோபிளெக்ஸ் என்று சொந்தமாக ஒரு இணையத் திரையரங்கே கட்டி, 2022இல் 13 எபிசோடு வெளியிட்டார்கள். நெட்ஃபிளிக்ஸ் இல்லாமலேயே முடிகிறது பார் என்று ரசிகர்கள் கொண்டாடினார்கள்.

ஆனால் இன்னொரு எண்ணையும் பாருங்கள். 2015இல் கொடுத்தவர்கள் 48,000 பேருக்கு மேல். 2021இல் 36,000 சொச்சம். பணம் கூடியிருக்கிறது, ஆட்கள் குறைந்திருக்கிறார்கள். தலைக்கு சராசரியாக ஏறக்குறைய 120 டாலர் கொடுத்த இடத்தில் 180 டாலர் வரை கொடுத்திருக்கிறார்கள். இருந்த ரசிகர்கள் பைக்குள் இன்னும் ஆழமாகக் கையை விட்டு எடுத்துக் கொடுத்தார்கள் என்பதே இதன் பொருள். 2023இல் அடுத்த சீசனுக்காகத் திரட்டியபோது இலக்கை எட்ட முடியவில்லை. அதற்காக யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எட்டு வருடத்தில் மூன்று முறை கேட்டால் எந்தக் குடும்பத்தாலும் ஒரே மாதிரி கொடுக்க முடியாது.

நெட்ஃபிளிக்ஸ் கொடுத்தது பணம் மட்டும் இல்லை. வேறு எதையோ தேடி வந்தவர் கண்ணில் இந்த நிகழ்ச்சி படும் வாய்ப்பைக் கொடுத்தது. ஒரு ரூபாயும் போடாத, பெயர்கூடக் கேள்விப்படாத ஒருவர், சும்மா ஒரு எபிசோடைத் தட்டிவிட்டுப் பார்த்து ரசிகர் ஆவார். சொந்தத் தளத்துக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள்தான் வருவார்கள். அவர்கள் எவ்வளவு அன்பாக இருந்தாலும் எண்ணிக்கை கூடாது. 2019இல் அழுதவர்கள் இதை இப்படிச் சொல்லவில்லைதான். ஆனால் அவர்கள் பயந்தது இதற்குத்தான் என்று நினைக்கிறேன், பயம் பலித்தும் விட்டது.

எனவே இனி இப்படி ஒன்று உங்களுக்குப் பிடித்து, அது நிறுத்தப்பட்டால், மனுவில் கையெழுத்துப் போடுவதோடு நிற்காதீர்கள். சந்தாவை ரத்து செய்வதும் உங்கள் விருப்பம், ஆனால் எந்த நிகழ்ச்சிக்காக ரத்து செய்தீர்கள் என்பது பெரும்பாலும் போய்ச் சேராது. கையில் வைத்துக்கொள்ளக்கூடிய பிரதியை வாங்குங்கள். இந்த நிகழ்ச்சிக்கு அது இரட்டிப்பு அவசியம், ஏனென்றால் ஒவ்வொரு எபிசோடுக்குள்ளும் இன்னொருவர் படம் முழுசாக இருக்கிறது. அந்தப் படத்தின் உரிமை இல்லாவிட்டால் எபிசோடையே விற்க முடியாது. 2006இல் ஒரு டிவிடி தொகுப்பு, அதில் இருந்த காட்ஸில்லா படத்தின் உரிமைச் சிக்கலால் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. முன்பே வாங்கியவர்களிடம் மட்டும் அது இருக்கிறது. பிரதி கையில் வந்ததும், இதைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பாருங்கள். டேப் காலத்தில் நடந்தது அதுதான், அன்றைய ரசிகர் கூட்டம் அப்படித்தான் பெருகியது.

சரி, எங்கே தொடங்குவது? பலரும் 'மேனோஸ்: த ஹேண்ட்ஸ் ஆஃப் ஃபேட்' எபிசோடைச் சொல்வார்கள். முதலில் அதை எடுக்காதீர்கள். 1966இல் டெக்சஸில் ஒரு உர வியாபாரி எடுத்த படம் அது. எந்தக் கிண்டலாலும் தூக்கி நிறுத்த முடியாத அளவுக்கு மந்தமானது. நிகழ்ச்சியோடு பழகிய பிறகுதான் அதன் அருமை தெரியும். ஹாட்ஜ்சன் காலத்துக்கு 'பாட் பீப்பிள்', அவர் விடைபெற்ற 'மிட்செல்' இரண்டும் போதும். நெல்சன் காலத்துக்கு 'ஸ்பேஸ் மியூட்டினி', அப்புறம் 'த ஃபைனல் சாக்ரிஃபைஸ்'. 'ஸ்பேஸ் மியூட்டினி'யைத் தனியாகப் பார்க்க வேண்டாம், சத்தமாகச் சிரிக்கும் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுமஸ்தான கதாநாயகனுக்கு மூன்று பேரும் மாறி மாறிப் பெயர் வைத்துக்கொண்டே போவார்கள். அதில் உங்களுக்குப் பிடித்த பெயர் எது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.