ஓ.டி.பி. சொல்லவே இல்லை, வாட்ஸ்அப் எப்படிப் போனது?

கேள்வி: கூரியர் ஆபீஸிலிருந்து பேசுவதாகச் சொன்ன ஒருவர், டெலிவரி பையனிடம் பேச இந்த எண்ணை அழுத்துங்கள் என்று ஸ்டாரில் தொடங்கும் எண் ஒன்றை என் அக்காவிடம் கொடுத்தார். அரை மணியில் வாட்ஸ்அப் கைவிட்டுப் போய்விட்டது. சொந்தக்காரர்களுக்கெல்லாம் ‘அவசரமா பத்தாயிரம் வேணும்’ என்று மெசேஜ் போகிறது. ஓ.டி.பி. யாருக்கும் சொல்லவில்லை என்கிறார். நம்பலாமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: நம்பலாம். *21* அல்லது *401* என்று தொடங்கி, பின்னால் பத்து இலக்க எண் வந்தால் அது உங்களுக்கு வரும் அழைப்புகளை அந்த எண்ணுக்குத் திருப்பிவிடும் கட்டளை. பிறகு மோசடிக்காரர் தன் போனில் உள்ள வாட்ஸ்அப்பில் அக்காவின் எண்ணைப் போட்டு, எஸ்.எம்.எஸ்ஸை விட்டுவிட்டு ‘கால்’ மூலம் கோடு (ஓ.டி.பி.) கேட்பார். அந்த அழைப்பு அவருக்கே போகும். அக்காவின் போன் அடிக்கவே அடிக்காது.

முதல் வேலை, ##002# அழுத்தி எல்லா ஃபார்வர்டிங்கையும் ரத்து செய்வது. பலர் இதை விட்டுவிட்டு வாட்ஸ்அப்பை மட்டும் மீட்பார்கள். வந்தவர் அதே வழியில் மறுபடி வருவார். அடுத்து, வாட்ஸ்அப்பில் எண்ணைப் பதிந்து, எஸ்.எம்.எஸ்ஸில் வரும் 6 இலக்கக் கோடைப் போட்டால் அவர் தானாக வெளியேற்றப்படுவார். அடுத்து உங்களுக்குத் தெரியாத ‘பின்’ (PIN) நம்பரைக் கேட்டால், அதை வைத்தது அவர்தான். பின் இல்லாமல் நுழைய 7 நாள் காத்திருக்க வேண்டும். எரிச்சல்தான், ஆனால் அந்த 7 நாளும் அவரும் உள்ளே இல்லை.

உள்ளே போனதும் ‘லிங்க்டு டிவைசஸ்’ பாருங்கள். தெரியாத கருவி இருந்தால் லாக் அவுட். பிறகு செட்டிங்ஸ், அக்கவுண்ட், டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் போய் சொந்தப் பின்னும் மின்னஞ்சலும் கொடுங்கள். பிறந்த வருடத்தைப் பின்னாக வைக்க வேண்டாம்.

பழைய சாட்கள் போனிலேயே இருப்பவை என்பதால், எண்ணை மட்டும் பறித்தவருக்கு அவை தெரியாது; குரூப்களும் புதிதாக வருபவையும் தெரியும். யாராவது பணம் அனுப்பியிருந்தால், வாட்ஸ்அப் மீளும்வரை காத்திராமல் அவர் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைக்கட்டும். பரிவர்த்தனை எண் கையில் இருக்கட்டும். தாமதித்தால் பணம் கணக்கு மாறி மாறிப் போய்விடும்.

கேள்வி: ஃபேஸ்புக் புரொஃபைலை லாக் செய்துவிட்டேன். மகளின் ஸ்கூல் படங்களைப் போடலாமா?
- வாசகர், சேலம்

பதில்: லாக் தடுப்பது நண்பரல்லாதவரை மட்டும். பட்டியலில் ஆயிரம் பேர் இருந்தால் ஆயிரம் பேரும் ஸ்கிரீன்ஷாட் எடுக்கலாம். முதலில் பட்டியலைக் குறையுங்கள். சீருடை பேட்ஜ், வேன் எண், வீட்டு வாசல் தெரியும் படங்களைத் தவிருங்கள். இன்னொன்று: வாட்ஸ்அப்பில் படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் அதிலுள்ள இடக் குறிப்பு நீங்கிவிடும், தெளிவாக இருக்கட்டும் என்று ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் அதுவும் சேர்ந்தே போகும். கேமரா செட்டிங்ஸில் லொகேஷனை அணைத்துவிட்டால் இனி எடுக்கும் படங்களில் இந்தத் தொல்லை இராது.