வாசகர் கேள்விகள்: இரண்டு சீசன், ஒரே இடுப்பு

கே: போ ஜாக்சன் அமெரிக்கன் ஃபுட்பால், பேஸ்பால் இரண்டையும் தொழில்முறையில் ஆடினாராமே. பயிற்சிக்கு எப்படி நேரம் கிடைத்தது? (ஆர்.எஸ்., கோவை)

ப: கிடைக்கவில்லை! கல்லூரியில் சிக்கல் இருக்கவில்லை. ஃபுட்பால் டிசம்பர், ஜனவரியோடு முடியும். பேஸ்பால் பிப்ரவரியில் தொடங்கும். அலபாமாவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் அவருக்கு மோதிக்கொண்டவை பேஸ்பாலும் தடகளமும்தான்; இரண்டுக்கும் வசந்தகாலம். 100 மீட்டரில் தேசியக் கல்லூரிப் போட்டிக்குத் தகுதி பெற்றவர் அவர். 1985இல் பேஸ்பாலில் .401 சராசரி, 17 ஹோம் ரன் (எல்லையைத் தாண்டும் அடி). பத்து முறை மட்டை பிடித்து மூன்று முறை ஹிட் (அவுட்டாகாமல் தளத்தை எட்டவைக்கும் அடி) அடித்தாலே நல்ல ஆட்டக்காரர் என்பார்கள், இவர் நான்கு. அதே ஆண்டு ஃபுட்பாலில் 1,786 கெஜம் ஓடி சிறந்த கல்லூரி ஃபுட்பால் வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையும் வாங்கினார்.

தொழில்முறையில் நாள்காட்டி இடித்தது. பேஸ்பாலில் ஏப்ரல் முதல் அக்டோபர் தொடக்கம் வரை 162 ஆட்டங்கள். ஃபுட்பால் செப்டம்பரிலேயே ஆரம்பம். கன்சாஸ் சிட்டி ராயல்ஸ் அணியில் பேஸ்பாலை முடித்துவிட்டுத்தான் ரைடர்ஸ் ஃபுட்பால் அணிக்கு வருவார். பயிற்சி முகாமும் இல்லை, முதல் சில வாரங்களும் இல்லை. அதனால் நான்கு சீசனில் மொத்தம் 38 ஆட்டமே. அப்படி வந்தும் 1987 நவம்பர் 30 அன்று சியாட்டிலுக்கு எதிராக 221 கெஜம். அதில் ஒரே ஓட்டம் 91. ஓட்டத்துக்கு நான்கு கெஜம் கிடைத்தால் போதும் என்கிற ஆட்டத்தில் இவருடைய வாழ்நாள் சராசரி 5.4. பயிற்சிக் குறை பேஸ்பாலில்தான் தெரிந்தது என்பது என் கணிப்பு: 1989இல் 32 ஹோம் ரன், கூடவே 172 ஸ்ட்ரைக் அவுட் (பந்தை அடிக்க முடியாமல் அவுட்டாவது).

கே: 1986 டிராஃப்டில் (தொழில்முறை அணிகள் புது வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுப்பதில்) முதல் தேர்வாகியும் டாம்பா பே ஃபுட்பால் அணியை போ ஜாக்சன் ஏன் உதறினார்? (மு.க., தஞ்சாவூர்)

ப: ஒரு விமானப் பயணத்தால். டிராஃப்டுக்கு முன் மருத்துவப் பரிசோதனைக்காக அணி உரிமையாளரின் தனி விமானத்தில் டாம்பாவுக்குப் போனார். விதிப்படி அனுமதி வாங்கியாயிற்று என்று அணித்தரப்பு சொன்னதாக அவர் கூறுகிறார். ஆபர்ன் ஆடிய தென்கிழக்குக் கல்லூரிக் கூட்டமைப்பிலோ, ஒரு விளையாட்டில் தொழில்முறையாளரானவர் இன்னொன்றில் கல்லூரிக்காக ஆடக்கூடாது என்பது அப்போதைய விதி. அணியின் விமானத்தில் போனதே விதிமீறலாகி, இறுதியாண்டு பேஸ்பால் பாதியில் பறிபோனது. இப்படிப்பட்ட அழைப்பு வந்தால் அழைத்தவர் வாய்ச்சொல்லை நம்பக்கூடாது. தன் கல்லூரியின் விதி அலுவலரிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

அணி வேண்டுமென்றே செய்தது என்று அவர் நம்பினார். ஏழு மில்லியன் டாலருக்கு மேலான ஒப்பந்தத்தை மறுத்து, ராயல்ஸின் சுமார் ஒரு மில்லியனுக்குக் கையெழுத்திட்டார். கையெழுத்திடாததால் டாம்பாவின் உரிமை மறு ஆண்டு காலாவதியானது. 1987இல் ரைடர்ஸ் அவரை 183ஆவது தேர்வாக, சல்லிசாக, எடுத்துக்கொண்டது.

கே: போ ஜாக்சனின் இடுப்பு எலும்பு ‘செத்துப்போனது’ என்றால் என்ன? (டாக்டர் அல்லாத வாசகி, நாகர்கோவில்)

ப: தொடை எலும்பின் மேல்முனை பந்து போல இருக்கும், இடுப்புக் குழியில் சுழலும். அந்தப் பந்துக்கு ரத்தம் பெரும்பாலும் அதன் கழுத்தை ஒட்டி ஏறும் மெல்லிய நாளங்கள் வழியாகவே போகிறது. 1991 ஜனவரி 13, சின்சினாட்டிக்கு எதிரான ஆட்டம். முழு வேகத்தில் ஓடியவரின் காலைப் பின்னாலிருந்து ஒருவர் பிடித்தார். உடல் முன்னே போக, கால் நின்றுவிட, பந்து குழியைவிட்டு நழுவியது. நாளங்கள் அறுந்தால் அல்லது நசுங்கினால் ரத்தமில்லாமல் எலும்பு சாகும்; ஆனால் உடனே உடையாது. வாரங்கள், மாதங்கள் கழித்துப் பந்து உருக்குலைந்து குருத்தெலும்பைத் தேய்க்கும். அதனால்தான் முதல் நாள் வலியை வைத்துச் சேதத்தை அளக்க முடியாது. நழுவிய இடுப்பை ஆறு மணி நேரத்துக்குள் பொருத்த வேண்டும் என்று மருத்துவர்கள் அவசரப்படுத்துவதும் இதனால்தான். பொருத்தினாலும் ஆபத்து முழுக்க நீங்காது.

ஃபுட்பால் அத்தோடு முடிந்தது. 1992இல் செயற்கை இடுப்பு வைத்தார்கள். 1993 ஏப்ரலில் ஒயிட் சாக்ஸ் பேஸ்பால் அணிக்காக மீண்டும் மட்டை பிடித்து முதல் வாய்ப்பிலேயே ஹோம் ரன் அடித்தார். அந்த சீசனில் மொத்தம் 16. ஆனால் அவருடைய மூலதனமான ஓட்டம் திரும்பவில்லை. 1994 சீசனோடு விலகினார்.

கே: ‘போ’ என்பது இயற்பெயரா? (சிறுவன், சிவகாசி)

ப: இல்லை, தம்பி. வின்சென்ட் எட்வர்ட் ஜாக்சன். காட்டுப்பன்றி மாதிரி முரடன் என்று வீட்டார் வைத்த பட்டப்பெயரின் சுருக்கம் அது.